வீட்டுத் தோட்டத்தில் மூங்கிலை அடியோடு ஒழிப்பது எப்படி

சிங்கப்பூரில் தரைவீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே தோட்டம் என்பது பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு நீளத் துண்டு மண்தான். அதில் ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, துளசி, பூசைக்கு ஒரு செம்பருத்தி என்று வைக்க ஆசைப்படுவோம். அந்தத் துண்டு மண்ணில் முன்பு குடியிருந்தவர் யாரோ பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை மறைப்பதற்காக மூங்கில் நட்டுவிட்டுப் போயிருந்தால், சில ஆண்டுகளில் அங்கே மூங்கிலைத் தவிர வேறெதுவும் தலையெடுக்காது. வடிகால் முழுக்க அதன் சருகு, காற்றடித்தால் கூரையில் உரசல், மண்வெட்டி இறங்காத அளவுக்கு வேர். ஆள் வைத்து வெட்டிப் போட்டாலும் அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும்.

ஏன் வந்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் வேலை பாதி எளிதாகிவிடும். மூங்கில் மரமில்லை, புல் இனம். நாம் பார்க்கிற கழி செடியின் ஒரு பகுதிதான், மீதி மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடக்கிறது, அந்தக் கிழங்கிலும் அது மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. மேலே வெட்டியதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு குருத்தை அனுப்பும், குருத்து மண்ணைவிட்டு வரும்போதே அதன் முழுப் பருமனோடு வரும், பிறகு உயரம் மட்டும்தான் கூடும், இரண்டு மூன்று மாதத்தில் கழியாகி, கிளை விட்டு, இலை விரிக்கும். இலை விரியும்வரை அது செலவுதான் செய்கிறது. இலை விரிந்த பிறகுதான் வரவு தொடங்குகிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை: எடுக்க முடிந்த கிழங்கையெல்லாம் எடுத்துவிடுவது, எடுக்க முடியாததை ஓர் இலைகூட விரிக்கவிடாமல் பட்டினி போடுவது. முதல் வேலைக்கு உடம்பில் தெம்பு வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், பலர் தோற்பது இதில்தான்.

எந்த மூங்கில் என்று முதலில் பாருங்கள்

கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் செடியின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். மூங்கிலில் இரண்டு வகை: தூர் கட்டி ஒரே இடத்தில் அடர்ந்து நிற்பது ஒன்று, மண்ணுக்கடியில் கொடி மாதிரி ஓடி எங்கெங்கோ தலைகாட்டுவது இன்னொன்று. நம் பக்கத்து வெப்பத்துக்கு ஏற்றவை தூர் கட்டுபவைதான், வீட்டு வேலிகளில் பார்க்கிற மஞ்சள் மூங்கில், சன்ன இலையுள்ள வேலி மூங்கில் எல்லாம் அந்த ரகம். கழிகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும், கை நுழைக்க இடமிருக்காது, ஆண்டுக்கு ஆண்டு அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகும்.

ஓடும் ரகம் அழகுக்காக விற்கப்படுவது. கருப்புத் தண்டு மூங்கில், பொன்னிற மூங்கில், தரையோடு படரும் வெள்ளைக் கோடு போட்ட குட்டை மூங்கில் இவையெல்லாம் அதில் சேரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கழியைப் பிடித்து, கிளை விட்டிருக்கிற கணுவுக்கு மேலே இருக்கிற பகுதியில் கட்டைவிரலை வைத்து மேலே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் உருண்டையாக இல்லாமல் தட்டையாகவோ பள்ளமாகவோ ஒரு வாய்க்கால் ஓடினால், அதோடு கணுவுக்கு இரண்டு கிளை மட்டும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்திருந்தால், அது கருப்பு, பொன்னிற மூங்கில்களின் குடும்பம். தூர் கட்டும் மூங்கிலில் கணுவுக்கு ஒரு கொத்துக் கிளை இருக்கும். இதைவிட எளிய அடையாளமும் உண்டு: தாய்ச் செடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஓடு பதித்த தரையின் இடுக்கில் தனியாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், ஓடும் ரகம்தான்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வரவேற்பறையில் வைக்கிற அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலே இல்லை, வேறு குடும்பச் செடி. அதை யாரும் பயந்து தூக்கிப் போட வேண்டாம்.

வெட்டுவதற்கு முன்

அடர்ந்த மூங்கில் தூரின் அடியில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். மலைப்பாம்பும் நாகமும் சிங்கப்பூரில் வீட்டுப் பக்கமே பார்க்கக் கிடைப்பவை. நீளக் கழியால் சருகைக் கிளறிவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்று, அப்புறம் கிட்டப் போங்கள். பாம்பு தெரிந்தால் நீங்களே அடிக்கவோ பிடிக்கவோ வேண்டாம், தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குளவிக் கூடு இருந்தாலும் அப்படித்தான், அதற்கென்று இருப்பவர்கள் வந்து எடுக்கட்டும். பறவைக் கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை அந்தக் கழிகளை மட்டும் விட்டுவைப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

புக்கிட் தீமா, அப்பர் தாம்சன் போலக் காட்டை ஒட்டிய இடங்களில் வீடு இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கழியின் இரண்டு கணுக்களுக்கு நடுவே நெடுக்குவாட்டில் கத்தியால் கீறியது போன்ற ஒரு சன்னமான பிளவு இருக்கிறதா? மூங்கில் வௌவால் என்று ஒன்று உண்டு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், வண்டு துளைத்து விட்டுப் போன அந்தப் பிளவு வழியாக உடம்பைத் தட்டையாக்கி உள்ளே நுழைந்து பகல் முழுக்கத் தூங்கும். சிங்கப்பூரிலும் இருக்கிறது. அப்படிப் பிளவுள்ள கழி கண்ணில் பட்டால் அதைத் தொடாமல் பூங்காக் கழகத்தைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள். இவ்வளவு சின்ன உயிர் நம் கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் பிழைத்துக் கிடக்கிறதே என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அடுத்தது நிலத்துக்கடியில் என்ன போகிறது என்பது. பழைய டெரஸ் வீடுகளில் கழிவுநீர்க் குழாய் பின்பக்கத் தோட்டத்துக்கு அடியிலேயே ஓடும், மேன்ஹோல் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மீட்டர், எரிவாயுக் குழாய், வாசல் விளக்குக்கும் தானியங்கிக் கதவுக்கும் போகிற மின்கம்பி இவற்றையும் கண்டுபிடித்து வையுங்கள். அந்தக் கோடுகளின் மேல் கடப்பாரையை ஓங்கிப் போடக்கூடாது, சிறு கொத்தால் மண்ணைக் கிளறிக் கையால் எடுக்க வேண்டும். மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகிற இடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால், அல்லது இயந்திரம் வைத்துத் தோண்டப்போகிறீர்கள் என்றால், உரிமம் பெற்ற ஆளை வரவழைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மண்ணில் கை வையுங்கள்.

மூங்கில் சுற்றுச்சுவருக்கு வெளியே சாலையோரப் புல்தரையில் நின்றால் அது உங்கள் நிலமல்ல, அதை நீங்களே வெட்டக் கிளம்ப வேண்டாம், பூங்காக் கழகத்திடம் தெரிவியுங்கள்.

வெட்டும் முறையும் கொசுவும்

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டி மண் சேறாகிக் கிடக்கும். பிப்ரவரியில் பொதுவாக மழை குறையும், பெரிய தோண்டலுக்கு அதுதான் நல்ல சமயம். மண் காய்ந்து பாறையாகிவிட்டால் முதல்நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைத்தால் போதும்.

முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி, கெட்டிக் காலணி நான்கும் கட்டாயம். மூங்கில் கழியைச் சுற்றியிருக்கிற உறையான அடிப்பாளையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குச் சன்னமான கருப்பு ரோமம் இருக்கும், வியர்த்த கழுத்தில் அது ஒட்டினால் அன்று இரவு முழுக்க அரிப்பு. பாளையைக் கையால் உரிக்கவே வேண்டாம், தண்ணீர் பீய்ச்சி நனைத்துக்கொண்டு வெட்டினால் ரோமம் பறக்காது.

நெருக்கமான தூரில் பாராங் கத்தியை வீச இடமிருக்காது. வீசினாலும் பக்கத்துக் கழியில் பட்டுத் திரும்பும். சின்ன ரம்பமோ, பேட்டரியில் முன்னும் பின்னும் ஓடுகிற ரம்பமோதான் சரி. கழிகள் மேலே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அடியில் அறுத்தாலும் விழாமல் தொங்கும், இழுத்தால் திடீரென்று விடுபட்டு முகத்துக்கு வரும். வெளி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து, கயிறு கட்டி உங்கள் பக்கமாக இழுங்கள். பக்கத்து வீட்டுக் கூரையின் மேலோ மின்கம்பியின் மேலோ சாய்ந்து நிற்கிற உயரக் கழிகள் இருந்தால் அது நம் வேலையில்லை, மரம் வெட்டுகிற குத்தகையாளரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கழியின் உள்ளே வெற்றிடம், கணுவுக்குக் கணு ஒரு தடுப்பு. இரண்டு கணுக்களுக்கு நடுவில் நீங்கள் அறுத்தால் அந்த அடிக்கட்டை ஒரு குவளையாகி வாயைத் திறந்து நிற்கும். மாலையில் ஒரு மழை, அவ்வளவுதான், உள்ளே தண்ணீர். வீட்டுக்குள் பூச்சாடித் தட்டையெல்லாம் கவிழ்த்து வைக்கிற நாம் வெளியே இப்படி முப்பது நாற்பது குவளைகளை மண்ணில் நட்டு வைத்தது போலாகிவிடும். ஏடிஸ் கொசுவுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும், முட்டையோ தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து காத்திருக்கும். வெட்டிய மூங்கில் அடிக்கட்டை டெங்கிக் கொசு விரும்பி முட்டையிடும் இடங்களில் ஒன்று. ஒரு கட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும், வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போகும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், வயதான பாட்டி இருக்கலாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து பார்த்து அபராதம் போடுவது இரண்டாம் பட்சம்.

ஆகவே அறுக்கும்போது கணுவுக்கு ஒட்டி மேலே, மட்டமாக அறுங்கள். கணுவின் தடுப்பே மூடியாகிவிடும், தண்ணீர் தேங்காது. சாய்வாக அறுத்தால் அது ஈட்டி முனை, தடுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கணுவுக்கு நடுவில்தான் அறுக்க முடிந்தது என்றால், கம்பியை விட்டு உள்தடுப்பைக் குத்திப் பார்க்கலாம், ஆனால் அடுத்த தடுப்பு வரை தண்ணீர் இறங்கி அங்கே நிற்கும். அதைவிட மண்ணையோ மணலையோ வாய்வரை அடைத்து இறுக்கிவிடுவது மேல். அன்றைக்கே அடைத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறந்துபோகும். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும், விரிப்பின் ஒவ்வொரு சுருக்கத்திலும் தண்ணீர் தேங்கும், போட்டால் சரிவாக, இழுத்துக் கட்டிப் போட வேண்டும், வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

தோண்டுவது

தூர் கட்டும் மூங்கிலைத் தோண்டும்போது பலரும் நடுவில் கடப்பாரையைப் போட்டு மல்லுக்கட்டுவார்கள். அது வீண். நடுவில் இருப்பது வயதான கிழங்கு, அதில் முளைக்கிற மொட்டு பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். முளைக்கிற உயிர் தூரின் வெளி ஓரத்தில்தான் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். தூரைச் சுற்றி ஒரு மண்வெட்டி அகலத்துக்குப் பள்ளம் எடுங்கள், முழங்கால் ஆழம் போதும், மூங்கில் கிழங்கு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருக்கும், ஆழமாக ஆணிவேர் எதுவும் கிடையாது. சல்லிவேர்கள் பாய் பின்னியது போல அடர்ந்து வரும், அவற்றைப் பழைய ரம்பத்தால் அறுங்கள், நல்ல ரம்பத்தை மண்ணில் விட்டுக் கெடுக்காதீர்கள்.

வேரை விலக்கித் தண்ணீர் பீய்ச்சினால் கிழங்கு தெரியும். ஒவ்வொரு கழியின் அடியும் வளைந்து, பருத்து, பக்கங்களில் மொட்டுகளோடு இருக்கும், அது தன் தாய்க் கிழங்கோடு ஒரு மெலிந்த கழுத்தால்தான் இணைந்திருக்கும். அந்தக் கழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. அங்கே ரம்பம் வைத்து அறுத்தாலோ சிறு கோடாலியால் இரண்டு போட்டாலோ ஒரு கிழங்கு தனியாகக் கழன்று வரும், கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் மேலே வந்துவிடும். இப்படியே ஒன்று, இன்னொன்று என்று உள்ளே போக வேண்டும். மொத்தத் தூரையும் ஒரே துண்டாகப் பெயர்க்க நினைத்தால் இரண்டு மூன்று ஆள் வைத்தாலும் அசையாது, முதுகுதான் போகும்.

ஓடும் ரகத்துக்கு வேறு வழி. அதன் கிழங்கு விரல் பருமனில், வெளிர்மஞ்சளாக, சில சென்டிமீட்டருக்கு ஒரு கணுவோடு மண்ணுக்கடியில் படுத்து ஓடும், கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. ஒரு முனையைப் பிடித்துவிட்டால் அதன் வழியே போய்க்கொண்டே இருங்கள், முள்கரண்டி மண்வெட்டி இருந்தால் அதுதான் வசதி, சாதா மண்வெட்டி கிழங்கைத் துண்டாக்கிவிடும், மொட்டுள்ள ஒவ்வொரு துண்டும் இன்னொரு செடி. ஓட்டுத் தரையின் அடியில் போய்விட்டதா, வடிகால் சுவரின் விரிசலில் நுழைந்துவிட்டதா என்று பாருங்கள். கெட்டியான கான்கிரீட்டை மூங்கில் துளைக்காது, ஆனால் ஏற்கெனவே இருக்கிற விரிசலை விடாது.

சுற்றுச்சுவரின் அடித்தளத்தை ஒட்டி இருக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டாம். சுவருக்குப் பக்கத்தில் ஓர் அடி மண்ணைத் தொடாமல் விடுங்கள். சாய்ந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவோடு பார்த்தால் அங்கே வரும் குருத்தைப் பட்டினி போடுவது எவ்வளவோ மலிவு. சரிவான நிலமாக இருந்தாலும் ஒரேயடியாகப் பெயர்க்காமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள், தோண்டிய மண்ணை மழைக்கு முன் மூடி வையுங்கள், சேறு வடிகாலில் இறங்கக்கூடாது.

பட்டினி போடுவது

தோண்டி முடித்த பிறகும் எங்கோ சில துண்டுகள் உள்ளே இருக்கத்தான் செய்யும். தோண்டவே முடியாத இடங்களும் இருக்கும். வயதானவர்கள், முதுகு வலிக்காரர்கள் தோண்டாமலே இந்த வழியில் மட்டும் போகலாம், கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் தோட்ட வேலை செய்யும் ஓர் அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, முளை வந்தா வரட்டும்னு விடுங்க. முழங்கால் உயரம் வந்ததும் ஒடிச்சுடுங்க. இலை மட்டும் விடக்கூடாது." முளை மண்ணைக் கீறும்போதே கிள்ளுவதைவிடக் கொஞ்சம் வளரவிட்டு ஒடிப்பதில் கணக்கு இருக்கிறது, கிழங்கு தன் சேமிப்பிலிருந்து அவ்வளவையும் செலவழித்திருக்கும், திரும்ப ஒரு காசு வரவில்லை. ஆனால் முழங்கால் உயரத்தைத் தாண்டி விட்டுவைப்பது ஆபத்து, ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும், இன்னொரு வாரத்தில் கிளை. விடுப்பில் போவதாக இருந்தால் கிளம்புகிற அன்று சின்னதோ பெரியதோ எல்லாவற்றையும் ஒடித்துவிட்டுப் போங்கள்.

குளிர்நாடுகளில் மூங்கில் வசந்தத்தில் ஒருமுறை குருத்து விட்டு அடங்கும், அங்கே எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே செய்தால் ஏமாற்றம்தான். நமக்குக் குளிர்காலமே இல்லை. மழை வந்தால் குருத்து வரும். அதனால் வாரம் ஒருமுறை என்று ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை தேநீரோடு ஒரு சுற்று சுற்றினால் போதும். முதலில் கட்டைவிரல் பருமனில் வந்த குருத்து போகப் போகப் பென்சில் பருமனாகும், அப்புறம் புல்லைப் போல மெலிந்து கொத்தாக வரும். மெலிகிறது என்றால் உள்ளே சேமிப்பு தீர்கிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில்தான் பலர் "இது புல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள், அந்தப் புல்லில்தான் இலை இருக்கிறது, அதை விட்டால் இவ்வளவு நாள் பட்ட பாடு வீண். இழுத்தால் வராது, மண் மட்டத்துக்குக் கீழே கத்தியை விட்டு அறுத்து எடுங்கள். முழுசாக அடங்க ஓராண்டாவது ஆகும், பெரிய தூராக இருந்தால் இரண்டாண்டோ அதற்கு மேலோகூட ஆகலாம்.

ஒடித்த குருத்தைச் சமைக்கலாமா என்று கேட்பார்கள். பச்சையாகச் சாப்பிடக் கூடாது, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சந்தையில் விற்கிற உண்ணும் ரகம் என்றால் தோலை உரித்து, மெல்லிசாக நறுக்கி, நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பார்கள். உங்கள் தோட்டத்தில் நிற்பது என்ன ரகம் என்று தெரியாவிட்டால், அல்லது அங்கே எப்போதாவது மருந்து அடித்திருந்தால், சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மருந்து அடிக்கலாமா?

கிளைஃபோசேட் கலந்த களைக்கொல்லி மூங்கிலைத் தாக்கும் என்பது உண்மைதான். ஒரே தடவையில் கொல்லாது என்பதும் உண்மை. அறுத்த சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயில் தூரிகையால் தடவ வேண்டும், அல்லது மறுபடி வரும் இலையில் படவேண்டும், அதையும் பலமுறை செய்ய வேண்டும். நாலடி தள்ளிக் கறிவேப்பிலை நிற்கிற தோட்டத்தில் தெளிப்பானைத் தூக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காற்றில் ஒரு துளி போனாலும் கறிவேப்பிலை போய்விடும். அதோடு, மதியம் வெயில் அடித்து மாலையில் கொட்டுகிற நம் மழையில் அடித்தது அடித்த இடத்தில் நிற்காது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, நம் வீட்டு வாசல் வடிகாலில் ஓடுகிற மழைத்தண்ணீர் பெரும்பாலும் ஏதோவொரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. நாம் குடிக்கிற தண்ணீர் அது. வேறு வழியே இல்லை என்றால் தூரிகையால் மட்டும், மழை வராத நாளில், போத்தலில் எழுதியிருக்கிற அளவில், வடிகாலை விட்டுத் தள்ளி இருக்கிற கட்டையில் மட்டும் தடவுங்கள்.

உப்பு, வினிகர், மண்ணெண்ணெய், பிளீச், கொதிக்கும் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். உப்பு மண்ணைக் கெடுத்து அடுத்து நீங்கள் வைக்கப்போகிற செடியைக் கொல்லும், மண்ணெண்ணெய் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துக் கெடுக்கும், மற்றவை கிழங்குவரை போய்ச் சேராது. எதையும் ஊற்றாதீர்கள்.

வெட்டியதை என்ன செய்வது

முதலில், வெட்டிய பச்சைக் கழியை ஈர மண்ணில் போட்டு வைக்காதீர்கள். மஞ்சள் மூங்கில் கணுவிலிருந்தே வேர் விடும், இரண்டு மழை கண்டால் மூலையில் குவித்த கழி அங்கேயே புதுத் தூராகிவிடும். பந்தல் போட, பாகல் கொடி ஏற்ற என்று சில கழிகளை எடுத்து வைப்பவர்கள் ஓட்டுத் தரையில் நிழலில் சாய்த்து நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஊன்றுங்கள், பச்சையாக ஊன்றினால் பந்தக்காலே துளிர்க்கும். திறந்த முனையில் தண்ணீர் நிற்காமல் அதையும் அடைத்துவிடுங்கள்.

எரிப்பது இங்கே சட்டப்படி கூடாது. வடிகாலில் தள்ளுவதும் கூடாது, தள்ளினால் அடைப்பும் கொசுவும் நமக்கே திரும்பி வரும். கழிகளை ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்துக் கட்டுகளாகக் கட்டுங்கள், இலையையும் சிம்பையும் தனிப்பையில் போடுங்கள், கிழங்கில் ஒட்டிய மண்ணை உதிர்த்துவிட்டு அதைத் தனியாக வையுங்கள், மண்ணோடு தூக்கினால் பை கிழியும். உங்கள் வட்டாரத்துக் குப்பை அள்ளும் நிறுவனத்திடம் தோட்டக் கழிவை எந்த நாளில், எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அந்த நாளுக்கு முன்தினம் வெட்டினால் வாசலில் நாள்கணக்கில் கிடக்காது. கிழங்கை வீட்டு உரக்குழியில் போட வேண்டாம். இலை போடலாம், மக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

மூங்கில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால்

அப்போது உங்கள் பக்கம் மட்டும் தோண்டி முடிவு காண முடியாது. கத்தியை எடுப்பதற்கு முன் மணியை அடித்துப் பேசுங்கள், "ஆன்ட்டி, உங்க மூங்கில் எங்க ஓட்டைத் தூக்குது, வந்து கொஞ்சம் பாருங்களேன்" என்று கூட்டிக்கொண்டு வந்து காட்டினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள், நிறையப் பேருக்கு அது எல்லை தாண்டியதே தெரியாது. வீட்டுக்கு நல்லது என்று நம்பி நட்டிருப்பார்கள், முழுசாக எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை. பேச்சு முறிந்தால் சமூக சமரச நிலையம் இருக்கிறது.

அவர்கள் எடுக்க மாட்டார்கள், அது ஓடும் ரகமாகவும் இருக்கிறது என்றால் எல்லையில் தடுப்பு வைக்கலாம். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே 5 சென்டிமீட்டர் தெரியும்படி விட வேண்டும். கிழங்கு தடுப்பில் முட்டினால் மேலே ஏறித் தாண்டப் பார்க்கும், அந்த 5 சென்டிமீட்டர் இருந்தால்தான் அது தாண்டுவது உங்கள் கண்ணில் படும், பட்டதும் அறுத்துவிடலாம். மண்ணோடு மண்ணாகப் புதைத்துவிட்டால் தடுப்பு வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். தூர் கட்டும் ரகத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை, ஆண்டுக்கு ஒருமுறை எல்லைப் பக்கம் பள்ளமெடுத்து விளிம்பை அறுத்துவிட்டால் போதும்.

காலியான இடத்தில்

தோண்டிய கையோடு ஆசைப்பட்டு எலுமிச்சையை மண்ணில் வைத்துவிடாதீர்கள். மிச்சக் கிழங்கு அதன் வேருக்குள் புகுந்து குருத்து விட்டால் எலுமிச்சையைப் பெயர்க்காமல் அதை எடுக்க முடியாது. பட்டினிக் காலம் முழுக்கத் தொட்டியிலேயே வளருங்கள், தொட்டியை நகர்த்திப் பார்க்கலாம். மூங்கில் நின்ற மண் சத்தெல்லாம் போய்ச் சல்லிவேர் நிறைந்து கிடக்கும், இந்த மாதங்களில் மக்கிய உரத்தைப் போட்டுக் கிளறிக் கொடுங்கள், வேர் மக்க மக்க மண் இளகும். மறைப்புக்காகத்தான் மூங்கில் இருந்தது என்றால் மூங்கிலை எடுத்ததும் பக்கத்து ஜன்னல் நேராகத் தெரியும், கம்பி வலை கட்டிப் பாகலோ அவரையோ தொட்டியிலிருந்து ஏற்றிவிட்டால் சீக்கிரமே பச்சையாக மூடிவிடும், காயும் கிடைக்கும்.

ஒரு முழு மழைக்காலம், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ஒரு குருத்துகூட வராமல் போனால் அந்த இடம் சுத்தம் என்று நம்பலாம். அதற்குப் பிறகு வரும் பிப்ரவரியில் எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் தொட்டியிலிருந்து மண்ணுக்கு மாற்றுங்கள், வெயில் காலம் என்பதால் வேர் பிடிக்கும்வரை காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டியிருக்கும்.